சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில்

என் ஓரகத்தியைத் தெருவில் எல்லோரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிற வேலை. ஓடி முடித்து வரும் பஸ்களில் ஏறி, சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பபுள்கம்மைச் சுரண்டி, முகம் தெரியாத யாரோ எடுத்த வாந்தியைக் கழுவி, நீளக் கம்பு பிரஷ்ஷால் கூரைவரை தேய்த்துவிட்டு வருவாள். வந்த பிறகாவது மனுஷி உட்காருவாள் என்று நினைக்கிறீர்களா? அடுப்புக் குமிழைக் கழற்றித் தேய்ப்பாள். சுவிட்சு போர்டைத் துடைப்பாள். நாங்கள் மாடியில், அவள் கீழே. நான் படியிறங்கி வந்தால் முதலில் என் காலைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை. கொஞ்சம் அசந்தால் என்னையும் ஊறவைத்துத் துவைத்துவிடுவாள் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே நான் மிதித்த இடத்தைத் துடைப்பாள்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தெருமுனை போர்வெல்லிலிருந்து வந்தது. போர்வெல்லுக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை. தண்ணீரைப் பிடித்து வைத்தால் மேலே ஒரு படலம் கட்டும், பாத்திரத்தில் மஞ்சள் கறை ஏறும். அந்தக் கறையோடு அக்காவுக்கு ஜென்மப் பகை. இத்தனூண்டு தெருவில் சிறுநீரகம் கெட்டுப் படுத்தவர்களைப் பாருங்கள்: எதிர்வீட்டு லாரி டிரைவர், மூலைவீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, கடைசியில் அக்காவின் கணவர், அதாவது என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். டிரைவரும் அண்ணனும் போயே சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணன் போய் வருஷம் திரும்புவதற்குள் அவர் மகளுக்குக் காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டுகிற பெண். நின்று நின்றுதான் கால் வீங்குகிறது, தூக்கம் போதாமல்தான் முகம் வீங்குகிறது என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம். டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது, மீதியைக் காப்பாற்ற வேண்டுமானால் எதனால் கெடுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும் என்றார். தண்ணீரா என்று அக்கா கேட்டாள். அதை அரசாங்கம்தான் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார். அன்றிலிருந்து மகள் குடிப்பதற்கு மட்டும் அக்கா டெப்போ குழாய்த் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, இடுப்பு ஒடியச் சுமந்து வந்தாள். சமைக்கவும் குளிக்கவும் அதே போர்வெல்தான். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒற்றை ஆள் வேறு எவ்வளவு தூக்க முடியும்?

தெருவே சேர்ந்து மனு கொடுத்து நடையாய் நடந்ததில் ஒருவழியாகச் சுகாதாரத் துறை விசாரணைக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டி, அதிகாரிகள் வருகிறார்கள், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருங்கள் என்று அறிவித்தார்கள். எங்கள் ஜனத்துக்கு அது போதாதா? பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல ஆளாளுக்குத் தொட்டியைத் தேய்த்தார்கள், வாசலைக் கழுவினார்கள்.

அதிகாரிகள் வந்த அன்றைக்கு நான் தையல் கம்பெனிக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சாயங்காலம் அக்காதான் பெருமையாகச் சொன்னாள். பெரிய அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். போர்வெல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்து, குடிக்கிற தண்ணீரைப் பிடித்துவாருங்கள் என்று உள்ளே அனுப்பிவிட்டார். சோதனைக்கென்றே சுத்தம் செய்து மூடி வந்த பாட்டில். அதை அக்கா மோந்து பார்த்து, பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பிறகு டெப்போ தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள்.

ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வீடு தேடி வந்த மனுஷன் கையில அந்த மஞ்சத் தண்ணியவா கொடுக்கிறது? போர்வெல்ல அவங்களே போய் எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவள் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தார்கள். டிரைவரின் மனைவி கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் கொடுத்தாள். தெருவே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, அக்கா மேல் அல்ல. நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவள், கொடுத்தாள். தண்ணீரைச் சோதிக்கவென்றே சம்பளம் வாங்குகிறவருக்கு, குழாயடிக்குப் போய்க் குனிந்து பிடிக்க வேண்டும் என்று தெரியாதா? இடுப்பு வளையாதா?

கொஞ்ச மாதம் கழித்துப் பள்ளிக்கூட ஹாலில் எங்களைக் கூட்டி அந்தப் பெரிய அதிகாரியே அறிக்கையை வாசித்தார். இந்தத் தெருவில் நோய் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்தானாம். ஆனால் தண்ணீர் சுத்தமாம். காரணம் எங்கள் பழக்கவழக்கம்தானாம்: உப்பு அதிகம் தின்கிறோம், கண்ட வலிமாத்திரையை விழுங்குகிறோம், தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை. ஆகவே பொதுமக்கள் தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று முடித்தார் அந்த மகராசன். எந்தத் தண்ணீரை என்று சொல்லவில்லை.

அக்கா எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாதவள். தான் கொடுத்தது டெப்போ தண்ணீர் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே தாங்கள் கொடுத்தது கொதிக்கவைத்தது என்றார். டிரைவரின் மனைவியும் ஒத்துக்கொண்டாள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கத்தில் என்று நினைத்தேன். இல்லை, கோபத்தில். பொய் மாதிரியைக் கொடுத்து அரசாங்கத்தை ஏமாற்றியதற்கு உங்கள் மேல்தான் வழக்குப் போட வேண்டும் என்று அதட்டினார். அறிக்கை மேலே போய்விட்டதாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

மறுநாள் போர்வெல் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு அக்கா சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். வாசலில் காக்கவைத்து, மாடிக்கும் கீழுக்கும் அலையவிட்டு, கடைசியில் அதே அதிகாரியிடம் அனுப்பினார்கள். பாட்டிலை அவர் தொடக்கூட இல்லை. பொதுமக்கள் பிடித்துவரும் தண்ணீரை விதிப்படி வாங்கக் கூடாது, அதிகாரி நேரில் வந்துதான் எடுக்க வேண்டும் என்றார்.

"போன தடவை நான்தானே சார் புடிச்சுக் கொடுத்தேன்? அப்ப நான் பொதுமக்கள் இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

மேலிடத்து உத்தரவு வந்தால் மறுபடி வருவோம் என்றார்.

உத்தரவு வருவதற்குள் மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது. அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கு நடந்தாள். நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது, மகள் உடம்பும் தேய்ந்தது. ஜவுளிக்கடையில் நிற்க முடியாமல் வேலையை விட்டாள். பிறகு வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு படுக்க வேண்டியதாயிற்று. உலகத்து அழுக்கையெல்லாம் தேய்த்த கையால் அக்கா மகளின் கையில் ஊசி குத்திக் கன்றிப்போன இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கடைசியில் வந்தார்கள். இந்த முறை மைக் இல்லை, நாற்காலி இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு குழாயடியில் குனிந்து பிடித்தார்கள். தண்ணீரில் பட்டறையின் உலோகம் கலந்திருக்கிறது என்று முடிவு வந்தது. போர்வெல்லுக்குச் சீல் வைத்தார்கள், லாரியில் தண்ணீர் வந்தது. தெருவில் சிலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்புறம் நோயாளிகளைக் கணக்கெடுக்க அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். மகள் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கண் திறக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள். பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, சிறுநீரகம் முழுசாகச் செயலிழந்தது எப்போது என்று கேட்டார்.

"மொதத் தடவை நீங்க வந்தப்ப இவ வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தா சார். அதையும் எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

அவர் எழுதவில்லை. அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லையாம்.