மேடைக்குக் கீழே நின்ற இன்சோல்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தேன். குதிகாலில் ஆணி குத்தியதைப் போலிருந்தது. குனிந்து தரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மருத்துவமனையில் பாத மருத்துவர் அதை பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் (குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தைத் தாங்கும் திசுப்பட்டை நைந்துபோவது) என்றார். என் பாதத்தை அளந்து இன்சோல் (காலணிக்குள் வைக்கும் தாங்கு அட்டை) செய்து தந்தார். உங்களுக்கும் இதே வலி என்றால், அதை முதலில் போடும்போது வரும் நிம்மதி தெரிந்திருக்கும். சிங்கப்பூரின் செங்காங் ரயில் நிலையம்வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மாதங்கள் போயின, வலி போகவில்லை. வயதாகிறது, அவ்வளவுதான் என்று கணவர் ஆறுதல் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். முந்தானையை விரித்ததும் வாங்க வந்தவர் முகம் மலருமே, அதற்காகவே வேலைக்குப் போகிறவள் நான். அது கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

மறுபடியும் மருத்துவரிடம் போனேன்.

“இன்சோல் தினமும் போடுறீங்களா ஆன்ட்டி?”

“ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்.”

“வேலை செய்றப்பவும்?”

“அது எப்படி? வெள்ளைத்துணி விரிச்ச மேடை மேல நின்னு புடவை காட்டணும். அதுல செருப்போட ஏற முடியுமா?”

“அப்ப வீட்டுல?”

“வீட்டுக்குள்ள யாராச்சும் ஷூ போடுவாங்களா?”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ ஆன்ட்டி, அப்ப டிரெயின்ல மட்டும்தான் போட்டிருக்கீங்க லா!”

அவர் வளர்ந்ததும் தமிழ் வீட்டில்தான். காலணியை வாசலில் விடுவது பழகிப்போனதால், முதல் தடவை இதைக் கேட்க அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்க நான் வெறுங்காலில் நிற்க, இன்சோல் மேடைக்குக் கீழே சொகுசாக ஓய்வெடுத்திருக்கிறது.

மேடைக்கென்றே ஒரு புதுச் செருப்பு வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“துணி மேல செருப்பா, அக்கா? கஸ்டமர் என்ன நெனப்பாங்க? நீங்க கவுண்டர்ல உக்காந்துக்குங்க, கால் வலிக்காது.”

நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. இப்போது ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்து பில் போடுகிறேன். முந்தானையை வேறொருத்தி விரிக்கிறாள். அவள் முதல்முறை விரித்த அன்று கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வலி குறைந்திருக்கிறது. வீட்டிலும் இன்சோல் வைத்த செருப்போடுதான் சமைக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. சாமி படங்களுக்கு முன்னால் மட்டும் கழற்றிவிடுகிறேன். முன்பெல்லாம் விளக்கேற்றிவிட்டு, வீட்டில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி நிதானமாக வேண்டிக்கொள்வேன். இப்போது வெறுங்காலில் அவ்வளவு நேரம் நிற்கக் குதிகால் விடுவதில்லை. கணவர் பேரையும் மகள் பேரையும் சொல்லி முடிப்பதற்குள் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறேன். எனக்காகவும் ஏதாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றுவது, செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்த பிறகுதான்.