தனகோட்டி அக்கா கேட்ட வாசனை

நேற்று வாலாஜாபாத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி நேராக என் தையல் கடைக்கு வந்தார். சட்டைப் பட்டன் பிய்ந்தால்தான் வரக்கூடியவர். "டெய்லரே, ஊறுகாய்க் கடை அம்மா விடிகாலைல தவறிட்டாங்களாம். அவங்க மாப்ள பஸ்ஸ நிறுத்தி உங்களாண்ட சொல்லச் சொன்னாரு" என்றார். நான் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு வெட்டி முடித்தேன். கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது. குனிந்து பார்த்தால், ரவிக்கையின் கை இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். தொழில் பழகிய நாளிலும் நான் செய்யாத தப்பு அது.

தனகோட்டி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் தனகோட்டி அம்மாளின் கடையும் என் கடையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். எலுமிச்சை, நார்த்தங்காய், மாவடு, மாகாளிக்கிழங்கு, தேனில் ஊறிய நெல்லி, புளிக்காய்ச்சல் எல்லாம் அங்கே கிடைக்கும். அவற்றோடு மாம்பழ ஜாமும் கொய்யா ஜெல்லியும் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு ஜாம் என்பது காய்ச்சல்காரர்களின் ரொட்டியில் தடவுகிற வஸ்து. கணவரை இழந்த அக்கா, பெண்களுக்கென்று நடந்த பழம் பதப்படுத்தும் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து அதைக் காய்ச்ச ஆரம்பித்தார். ஒரே மகளை அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

ஜாம் கேட்டு வருகிறவர்களிடம், "ஊறுகா பொண்ணாட்டம். நாளாவ நாளாவ பக்குவப்படும். ஜாம் மாப்ளையாட்டம். வந்த அன்னிக்கி இனிக்கறதோட சரி" என்பார். பிற்பாடு சொந்த மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

தட்டி காற்றைத் தடுக்காதல்லவா? அந்தப் பக்கத்து வாசனையெல்லாம் என் துணிகளில் வந்து குடியேறியது. "டெய்லரே, ரவிக்கை பசியெடுக்க வெக்குது" என்று ஒரு கல்யாணப் பெண் குறைபட்டுக்கொண்டாள். மாலை வெயில் அக்காவின் பாட்டில் வரிசைக்குள் புகுந்து, தட்டியின் சந்துகள் வழியே என் மேஜைமேல் விழும். வெள்ளைத் துணி கொஞ்ச நேரம் மாம்பழ நிறமாகும். அப்புறம் கொய்யாவின் இளஞ்சிவப்பு ஏறும். நூலின் நிறம் பார்க்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் ஆயுளின் நல்ல நேரங்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்து, பாதி உடம்பாகக் கடைக்கு வந்தார். ஒரு வாரம் இருக்கும். தட்டி வழியே கருகல் நெடி அடித்தது. "யக்கா, வெந்தயம் கருகுது" என்று குரல் கொடுத்தேன். எட்டிப் பார்த்தால், வாணலிக்கு முதுகைக் காட்டி நின்று நிதானமாக ஒரு ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் புகை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வாணலியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு வாசம் வரல தம்பி. காய்ச்சல்ல போனது போனதுதான். உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் தெரியுது. கண்ண மூடிக்கினா எலுமிச்சைக்கும் நார்த்தங்காய்க்கும் வித்தியாசம் தெரியல. வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். மூக்கு செத்தவ போட்ட ஊறுகாய எவன் வாங்குவான்?"

அன்று முதல் நான் அவருக்கு மூக்கானேன். கழுத்தில் அளவு டேப் தொங்க, ஜாடி ஜாடியாக முகர்ந்து சொன்னேன். முதல் நாளே அக்கா ஒரு சட்டம் போட்டார். "நல்லா கீதுன்னு சொல்லாத. நல்லா கீதுன்றது ஒரு வாசனையா? எப்படி கீதுன்னு சொல்லு."

மூக்கில் ஏறுவதை வாயால் சொல்வது அத்தனை சுலபமல்ல. எனக்குத் தெரிந்ததோ துணி ஒன்றுதான். கொய்யாப் பாகு கொதித்தபோது, "இஸ்திரி போட்ட சட்டைய சூட்டோட மூஞ்சில வெச்ச மாதிரி கீது" என்றேன். "துணிய வுட்டு வெளிய வா டெய்லரே" என்று சிரித்தார். ஆனாலும் நான் சொல்லும்போதெல்லாம் கண்களை மூடிக்கொள்வார். கரண்டி பாகுக்குள் அப்படியே நிற்கும். தெருச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். அவர் எங்கே போய் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வந்ததும், "இன்னும் ரெண்டு கொதி வரணும்" என்பார். சொன்னது ஒருநாளும் பிசகாது.

இப்படி மூன்று வருடம் ஓடியது. ஓர் ஐப்பசியில், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்குப் பெரிய ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கேட்டிருந்தார்கள். வெயிலே இல்லாத மாதம். கரி அடுப்பின் அனலை வைத்துக்கொண்டு அக்கா பதினைந்து நாள் அந்த ஜாடியோடு போராடினார். அனுப்ப வேண்டிய காலையில் மூடியைத் திறந்து, "சொல்லு" என்றார்.

முகர்ந்தேன். எலுமிச்சைக்கு அடியில் வேறொன்று இருந்தது. காயாத துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் ஒரு நெடி வருமே, அது. என் தொழிலில் அதைத் தெரியாமல் இருக்க முடியாது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வேறு ஜாடி போட அவகாசமும் இல்லை. "நல்லா கீதுக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைப் போட்டுக் கட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாணப் பெண்ணின் மாமா ஜாடியோடு வந்து இறங்கினார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "இலைக்கு இலை ஒதுக்கி வெச்சிட்டாங்கம்மா. சம்பந்தி வூட்டுக்காரங்க எதிர்ல தல குனிஞ்சி நின்னோம். நீங்களே மோந்து பாருங்க" என்று மூடியை எடுத்து அக்காவின் முகத்தருகே நீட்டினார். அக்கா குனிந்தார். அந்த வாசனை எனக்குத் தட்டியைத் தாண்டி வந்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை.

நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு வாசம் தெரியாது சாமி. மூணு வருசமா தெரியாது. பக்கத்துக் கடைத் தம்பிதான் மோந்து சொல்லிக்கினு இருந்தாரு. இந்த தபா பாவம், அவருக்கு ஜலதோசம். தப்பு என்னுது."

எனக்கு ஜலதோஷம் இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பியபோது நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ஜாடியில் மிச்சமிருந்ததைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினார். அடுத்த ஒரு மாதம் கடைப் பக்கம் அனேகமாக யாரும் வரவில்லை. நானாக இருந்தால் தட்டியைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். போகிறவர் வருகிறவரை நிறுத்தி, "மோந்து பாத்து எப்படி கீதுன்னு சொல்லு, அப்பறம் வாங்கு" என்றார்.

முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு சொல்லிப் பார்க்க வந்தார்கள். மாகறலிலிருந்து கொய்யா கொண்டுவரும் விவசாயி மாம்பழ ஜாமை முகர்ந்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். "ஏரி ரொம்புன அன்னிக்கி சாயங்காலம் ஒரு காத்து வரும்மா. அத்த மாதிரி" என்றார். அதில் மாம்பழம் எங்கே இருக்கிறது என்று நான் குறுக்கே கேட்டேன். "நீ சும்மா இரு" என்று அக்காவும் அவரும் ஒன்றாகச் சொன்னார்கள். நெசவுக்கார அம்மாள் ஒருவர், தேன் நெல்லிக்கு, தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டுச் சேலையை முதல்முதலாக உதறும்போது வரும் வாசனை என்றார். எண்பதுகள் பிறந்தபோது, பொருள் வாங்க வருகிறவர்களைவிட வாசனை சொல்ல வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சொன்னவர்கள் வாங்காமலும் போகவில்லை. அக்கா நடுவில் கண்களை மூடி உட்கார்ந்திருப்பார். ஊரே அவருக்காக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, உடம்பு முடியாமல் வாலாஜாபாத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் வரும்வரை என் கடையில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "டெய்லரே, அந்தக் கல்யாண ஊறுகா. அன்னிக்கி உனக்கு வாசம் தெரிஞ்சிதா?" என்று கேட்டார்.

அத்தனை வருடம் கழித்து எனக்காகக் கதவைத் திறந்து வைத்தார். நான் நுழையவில்லை. "ஜலதோசமாச்சேக்கா" என்றேன்.

"ஆமா. நான்தான சொன்னேன்" என்று சிரித்தார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

நேற்று பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர் மகள் விலகி எனக்கு இடம் விட்டாள். கண்கள் மூடியிருந்தன. நான் வாய் திறக்கும்போது எப்போதும் மூடிக்கொள்கிற அதே விதம். காதருகே குனிந்தேன். "தெரிஞ்சிதுக்கா. ஈரத்தோட மடிச்சு வெச்ச துணி வாசம். மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சிது. உங்க மூஞ்சியப் பாத்து வாய் வரல" என்றேன்.

அதன் பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. சம்பங்கி மாலை வாடத் தொடங்கியிருந்தது. அதைச் சொன்னேன். ஊதுவத்தியைச் சொன்னேன். அப்போதுதான் தண்ணீர் தெளித்த வாசல் மண்ணைச் சொன்னேன். பேத்தி தலையில் தடவியிருந்த தேங்காயெண்ணெயைச் சொன்னேன். பாடை தூக்க ஆட்கள் வரும்வரைக்கும் ஒவ்வொன்றாக, எப்படி இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்லா கீது என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, அக்கா.