ஏறாவூருக்கு ஜோடி கேட்டுப் போனோம்

போனவர்கள் மூன்று பேர்: அக்கா சுகந்தி, அம்மா, நான். அப்பா வரவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் வயல் வட்டைக்குள் நெல் வெட்டு மெசின் இறங்கியது. அது முறை மாறி அடுத்தவன் வயலுக்குப் போய்விட்டால் பிறகு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கு ஆட்டம் பழக்கும் கொழும்பு மாஸ்டரும் வரவில்லை. "நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று போனில் முடித்துக்கொண்டார்.

அக்காவின் தொழில் பட்மின்டன். ஆறு வருடமாகக் கொழும்பில் ஒரு கழகத்தின் சம்பளத்தில் ஒற்றையர் ஆடினாள். போன வருடம் பின்கோட்டு மூலையில் துள்ளி ஒரு ஸ்மாஷ் அடித்து இடது காலில் இறங்கியபோது முழங்கால் நார் அறுந்தது. ஒபரேசன் செய்த வைத்தியர், ஒற்றையர் இனி வேண்டாம், இரட்டையர் என்றால் ஆடலாம் என்றார். மாத முடிவுக்குள் ஜோடியின் பெயரைத் தந்தால் ஒப்பந்தம் தொடரும், இல்லாவிட்டால் அதோடு சரி என்று கழகம் எழுதியது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் நான்தான் சொன்னேன். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

அக்காவோடு சேர்ந்து ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான். ஏறாவூர் ரிஸானா. பள்ளிக்கூட நாட்களில் மாகாண அணியில் இருவரும் ஜோடி. கல்யாணம் முடித்து மகன் பிறந்த பிறகு அவள் மட்டையைத் தொடவில்லை என்று கேள்வி. அக்கா போனில் விஷயத்தைச் சொன்னதும் ரிஸானா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஊட்ட வந்து கேளுடி" என்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்கச் சொன்னதை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். அந்த முறைப்படியே பயற்றம் உருண்டையும் அரியதரமும் சுட்டுப் பெட்டியில் அடுக்கி, ஒரு சீப்புக் கதலியும் வெற்றிலையும் வைத்து வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார். "வெத்தில என்னத்துக்கம்மா?" என்று அக்கா தலையில் கைவைத்தாள். "கேட்டுப் போறதெண்டா கேட்டுப் போறதுதான் புள்ள" என்றார் அம்மா.

காலை 6.40. மண்டூர்த் துறை. வாவியைக் கடக்க எங்களுக்குப் பாலம் இல்லை, பாதைதான். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றும் இயந்திர மிதவைக்குப் பாதை என்று பெயர். ஆளுக்கு இருபது ரூபா. பாதைக்காரர் பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"என்னகா, மாப்பிள்ள கேட்டோ பயணம்?"

"ஓம், ஏறாவூருக்கு" என்றார் அம்மா, கொஞ்சமும் சிரிக்காமல்.

"ஏறாவூரிலயா!" அது முஸ்லிம் ஊர். பாதையில் இருந்த எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

"மாப்பிள்ள இல்லண்ணே, விளையாட ஜோடி" என்றாள் அக்கா.

"அதுக்கும் இப்ப பலகாரம் குடுக்கணுமோ? அப்ப எனக்கு ஒரு உருண்டை தாங்க, நானும் விளையாடுவன்." அம்மா உண்மையாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குருமண்வெளி வரும்வரை அக்கா தண்ணீரைப் பார்த்தபடி இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்கு ஓட்டோ, இருநூறு ரூபா. சந்திக் கடையில் எருமைத் தயிர் ஒரு பெரிய சட்டி, எண்ணூறு. மட்டக்களப்புக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். பஸ்சுக்கு ஆளுக்கு நூற்று நாற்பது. காத்தான்குடிச் சந்தியில் பஸ் குலுங்கிய குலுங்கலில் சட்டியைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டவுனில் இறங்கி ஏறாவூர் பஸ், எழுபது ரூபா. அது நான் வந்தாறுமூலைக் கெம்பஸுக்குப் போய்வரும் பஸ்தான். வழக்கமாகச் சவுக்கடிச் சந்தி வருமுன் தூங்கிவிடுவேன். அன்றைக்குக் கண் மூடவில்லை.

10.30. ரிஸானாவின் கணவர் நௌபர் வாசல் படலையிலேயே நின்றார். கட்டாரில் நான்கு வருடம் இருந்து வந்தவர். அம்மா பெட்டியை நீட்டி, முறைப்படி அவரிடமே பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, உங்கட சம்மதம்..."

"என்னட்டக் கேட்டு என்னம்மா? ஊடு அவட சீதன ஊடு. நான் வந்த மாப்பிள்ள. மகன நான் பாத்துக்குவன், அதுமட்டும் சொல்லலாம்."

ரிஸானாவைப் பெற்ற உம்மா பெட்டியைத் திறந்து வெற்றிலையைக் கண்டதும் சிரித்துவிட்டார். "அல்லாஹ், மெய்யாவே கேட்டு வந்திரிக்காங்க!" ரிஸானா சிரிக்கவில்லை. கதவோரம் நின்று அக்காவின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்செல்லாம் பொறகு. மட்ட கொண்டுவந்தியா?"

வீட்டின் பின்புறம் நெல் காயப்போடும் சீமெந்துத் தரை. அதில் சுண்ணாம்புக் கோடுகள், நடுவில் வலை. கோடு பழசில்லை. மட்டையைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டது பொய் என்று அப்போதுதான் விளங்கியது. அக்காவும் ரிஸானாவும் ஒரு பக்கம், நானும் நௌபரும் மறுபக்கம். கட்டாரில் வெள்ளிக்கு வெள்ளி ஆடிய மனிதர் அவர். நான் வெறும் ஆள் கணக்குக்கு.

நாலாவது பந்தை நௌபர் உயரத் தூக்கினார். அது பின்மூலைக்குப் போனது. அக்கா பழக்கத்தில் பின்னால் ஓடி, துள்ளப் போனாள்.

"விடு!"

ரிஸானா போட்ட சத்தத்தில் உள்ளே மகன் அழத் தொடங்கினான். பந்து தரையில் விழுந்தது. அக்காவும் நின்றுவிட்டாள்.

"பின்னுக்கு ஓடினா நான் வரல்லடி. முன்னுக்கு வலையோட நீ, பின்னுக்கு நான். ஒன்ட கால் ஒடைற சத்தத்த நான் பக்கத்தில நிண்டு கேக்க ஏலா."

"ஸ்மாஷ் என்ட அடி, ரிஸா" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "மாஸ்டர் என்னை எடுத்ததே அதுக்குத்தான்."

"தெரியும். அதத்தான் கேக்கிறன்."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். பிறகு அக்கா மெதுவாக நடந்து வலையருகே போய் முழங்கால் மடித்து, மட்டையை முகத்துக்கு நேரே உயர்த்தி நின்றாள்.

நௌபர் மறுபடியும் தூக்கினார், அதே மூலைக்கு. இரட்டையரில் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் இருப்பவர் எடுப்பார் என்று நம்பி எதிர்ப்பக்கத்தையே பார்க்க வேண்டும். பந்து அக்காவின் தலைக்கு மேலே போனது. அவள் கழுத்துக்கூடத் திரும்பவில்லை. பின்னாலிருந்து ஓர் அடி, என் காதோரம் விசிறிக்கொண்டு வந்தது. நான் பயத்தில் மட்டையை நீட்ட, பந்து எப்படியோ பட்டு வலைக்கு மேலே எழும்பியது. அக்கா ஓர் எட்டு, வலது காலில்தான், எடுத்து வைத்துத் தட்டினாள். அது என் காலடியில் கிடந்தது.

ரிஸானா வந்து அக்காவின் தோளில் மட்டையால் தட்டினாள். "வாறன்டி. பேரக் குடு."

"அப்ப இந்தத் தயிரச் சாப்பிட்டுப் போகலாம்" என்றார் உம்மா. சட்டி உடையாமல் வந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் வந்தது. அங்கேயே நான் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், இரண்டு பெயரையும் போட்டு. பதில் வருமுன் சோறு வந்தது, சோறு முடியுமுன் பதில் வந்தது. நல்ல பதில்.

அதே பஸ்களில், அதே விலைக்குத் திரும்பினோம். டவுனைத் தாண்டியதும் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எட்டு மாதமாக அவள் பகலில் தூங்கி நான் கண்டதில்லை.

மாலை 5.20. எங்கள் மண்டூர்க் கரையில் அப்பா உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு நின்றார். நாங்கள் இறங்குமுன்பே கேட்டார்:

"என்ன சீதனம் கேட்டாங்க? எங்களிட்ட வீடு வளவு ஒண்டுமில்லியே."

"ஸ்மாஷ மட்டும் கேட்டாள், அப்பா" என்றாள் அக்கா. "குடுத்திட்டன்."

மற்றபடி, மூன்று பேர் போய்வந்த செலவு, தயிர்ச்சட்டியும் சேர்த்து, இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபா.