மணியை உடைத்த முதல் அடி

பேராசிரியர் சின்னையா மேடையில் மூன்றாம் முறையாகத் தண்ணீர் கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் அன்று சேர்ந்த கூட்டத்துக்குச் சுவரே ஒரு சாண் விலகி இடம் விட்டது என்பார்கள். பின்னே? கல்கத்தாவில் தொல்லியல் சொல்லிக்கொடுப்பவர், ஒரு காலத்தில் கிள்ளானில் பழைய வெண்கலம் பித்தளை வாங்கி உருக்கிய கடைக்காரர் என்றால் பார்க்க வராமல் இருப்பார்களா?

அவர் கண் மட்டும் மூன்றாம் வரிசையை விட்டு நகரவில்லை. அங்கே மாரியாயி உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், ரயில் பாதைக்கு மண் சுமந்த இடத்தில் கிடைத்ததென்று கூடையில் ஒரு மணியைக் கொண்டுவந்தவள் அவள். நாக்கில்லாத மணி, உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கோலம். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முழு மணியை உலையில் போட்டால் பாவம், உடைந்ததைப் போடலாம். உடைக்கிற முதல் அடியை விற்க வந்தவர்தான் அடிக்க வேண்டும். பாவம் அவரோடு போய்விடும்; கடைக்காரருக்கு ஒட்டாது.

“நான் எதுக்குண்ணே அடிக்கணும்?”

“சும்மா ஒரு தட்டு லா. அடிச்சாதான் வாங்குவேன்.”

அடித்தாள். ஆற்றுக்கு அக்கரையில் எருமைகள் மேய்ச்சலை மறந்தன. அடுத்த ஊரான பண்டமாரான் வரை நாய்கள் குரைத்தன. மறுநாள் அந்த மணி நாலு சொம்பாகிவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அதே கோலம் வரைந்த தாளோடு கடையேறினார். ஈராயிரம் வருடத்துப் பொருளாம். இதுபோல எங்காவது கண்டதுண்டா என்று கேட்டார்.

“இல்லை, துரை.”

அந்த ‘இல்லை’ அவரை விடவில்லை. கடையை மூடினார், கப்பலேறினார், படித்தார், பேராசிரியரும் ஆனார். தம் புத்தகத்திலோ, கிள்ளானில் அப்படியொரு மணி இருந்ததாகக் கேள்வி என்று மட்டும் எழுதினார். இன்றைய கூட்டமே அந்தப் புத்தகத்துக்குத்தான்.

மேடையேறுமுன் மாரியாயி வந்து கேட்டிருந்தாள். “வருசா வருசம் பத்துமலைக் கோயிலுக்குப் போறேன் அய்யா. மணியைத் தொட்டதில்ல, கை கூசுது. அன்னிக்கு நான் உடைச்சது சாமி மணியா?”

பதில் சொல்லுமுன் கூட்டத் தலைவர் மேடைக்கு அழைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் இவர் பேர் போகும். சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை அந்தக் கூச்சத்தோடு கிடப்பாள்.

தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“அந்த மணியைப் பற்றிக் கேள்விப்படவில்லை, கண்ணால் கண்டேன். உருக்கியவன் நானே. பாவம் எனக்கு ஒட்டக்கூடாதென்று முதல் அடியை அதோ அந்த அம்மா கையால் அடிக்க வைத்தேன். அது சாமி மணியோ என்னவோ, பாவம் என்னுடையது.”

“அப்போ புத்தகத்துல எழுதினது பொய்யா, சார்?” என்றது ஒரு குரல்.

“பொய்.”

தலைவர் கையில் காத்திருந்த மாலை அந்த நிமிஷமே வாடிப்போனது. மாரியாயி எழுந்தாள்.

“சொம்பு பண்ணதுதான் பண்ணீங்க, எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம்ல?”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மாரியாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“சரி. இனிமே மணியை நான் அடிக்கிறேன். தொடாம நிக்கிறது உங்க முறை.”

அடுத்த தைப்பூசத்தில் பத்துமலையில் அவள் அடித்த மணி பூச்சோங் வரை கேட்டதாம். பக்கத்தில் பேராசிரியர், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.