பளிச்சு சார் துடைத்த பூச்சு

எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குக் கண்ணாடி செய்யும் கூடத்தில் அவருக்குப் பளிச்சு சார் என்று பெயர். சுத்தப் பிரிவின் தலைவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை: அவர், மற்ற அழுக்கர்கள். வீட்டிலும் அதே கூத்துதான். கழுவிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவ அனுப்புவார். மனைவி அவரோடு வாயாடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், மகானுபாவர்.

மனைவியின் தங்கை அதே கூடத்தில் பூச்சுப் பிரிவில் இருந்தாள். கண்ணாடியில் பூசிய இரிடியம் என்ற உலோகத்தின் மேல் மெல்லிசாகக் கார்பன் பூச வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டிச் சாதித்தவள். ஏன் என்பதைச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் சொன்னாள்.

"வானத்துலேர்ந்து வர்ற கதிரே கொஞ்சம், அத்தான். நிறமாலைமானி அதையும் பிரிச்சுப் பரப்பிடும். அதுல ஆக்சிஜனுக்குன்னு அடையாளமா ஒரு கோடு வரும். அந்தக் கோடு வர்ற இடத்துல இரிடியம் நிறைய முழுங்கிடுது. மேல கார்பன் இருந்தா அவ்வளவு முழுங்காது. கதிர் ரெண்டு தடவை கண்ணாடியில பட்டுத் திரும்புது, அதனால நஷ்டமும் ரெண்டு தடவை."

"இந்த டம்ளர்ல சோப்பு வாசனை வருது," என்றார் பளிச்சு சார். கொழுந்தியாள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கென்ன தலையெழுத்தா?

கண்ணாடிகளைச் சட்டத்தில் ஒட்டுமுன் கடைசிச் சோதனை அவருடையது. ஒட்டினால் ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. சோதனைக் கருவி எல்லாக் கண்ணாடியிலும் கார்பன் என்று காட்டியது. அவர் தொழிலில் கார்பன் என்றால் வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி படிந்த அழுக்கு. அதை விரட்டித்தான் தலைவரானார். 'பூச்சு போடுகிற லட்சணத்தைப் பார்' என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். பூச்சுப் பிரிவு அடுத்த கதவு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழுக்கரிடம் போய் யாராவது கேட்பார்களா? அத்தனையையும், கரியை அரித்துப் போக்கும் ஓசோன் விளக்கின் கீழ் வைத்துக் கார்பனை ஒட்டத் துடைத்துவிட்டு, ஒட்ட அனுப்பினார்.

ஒட்டி முடித்துக் கதிரைச் செலுத்திப் பார்த்த அன்று ஆக்சிஜன் கோடு தேடினாலும் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. அந்த ஒரு கோட்டுக்காகத்தான் கருவியே மேலே போகிறது. பெரிய அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தியாள் ஓசோன் விளக்கின் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அழுக்கைத்தானே எடுத்தேன்," என்றார் பளிச்சு சார். குரல் பிசிறியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அதே விளக்கில் துடைத்து, ஒட்டாமல் மிஞ்சியிருந்த ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"நீயே பாரு, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!"

அவள் அதைக் கையில் வாங்கவில்லை. அவர் பக்கமாகவே திருப்பிவிட்டாள்.

"ஆமா அத்தான். உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது. இனிமே அதுல அது மட்டும்தான் தெரியும்."