ஸ்பேஸ் தட்டி அடுக்கிய பாட்டு

எங்கள் கடையில் அவளுக்கு டைப்பக்கா என்று பெயர். நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கம், அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால். வாடகை ஒப்பந்தம், வக்கீல் நோட்டீஸ், படிக்கிற பிள்ளைகளின் ப்ராஜெக்ட், எதைக் கொடுத்தாலும் மளமளவென்று அடித்துத் தள்ளுவாள். ஆனால் அடித்ததும் கொடுத்துவிட மாட்டாள். பக்கம் முழுவதையும் மவுஸால் பிடித்து, நல்ல ஃபான்ட்டாகப் பார்த்து எழுத்தின் வடிவத்தை மாற்றி, தலைப்பைத் தடிப்பாக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வந்தவருக்கு அவசரமென்றால் நிற்கட்டும்.

"அக்கா, அவரு கேட்டது புகார் மனு, கல்யாணப் பத்திரிகை இல்ல" என்பேன்.

"நீ உன் மெஷினப் பாரு" என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். அவன் கிடார்க்காரன். மேடையில் பாடுகிறவர்களுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்று வாசிப்பான். "எங்க வீட்டு வித்வான் இன்னும் எழுந்திருக்கல" என்று காலையில் வந்ததும் வராததுமாகக் குறைசொல்லுவாள். அந்தக் குறைக்குள் இருக்கிற பெருமை எங்கள் முதலாளிக்குக்கூடத் தெரியும்.

அவன் சொந்தமாக ஒரே ஒரு பாட்டு கட்டியிருந்தான். வரியும் மெட்டும் கூட வாசிக்கிற கூட்டாளிகளுக்குத் தெரியும். பாட்டோடு கிடாரில் எங்கெங்கே விரல் மாற வேண்டும் என்பதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான். அந்த விரல் நிலைகளுக்கு கார்ட்ஸ் என்று பெயராம். "இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள நாங்க கிழவனாயிடுவோம்" என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கிழவனாக அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தொண்டையில் புற்று வந்தது. குரலை எடுத்துவிட்டார்கள். மருந்தில் விரல்கள் மரத்துப்போய் தந்தியை அழுத்த முடியாமல் போயிற்று. பிறகு டாக்டரும் கையை விரித்துவிட்டார். ஆனால் படுத்துக்கிடந்தபடியே மனசுக்குள் அந்தப் பாட்டை முடித்துவிட்டான். கைபேசியில் எழுதி அக்காவிடம் காட்டினான்: ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும்.

கூட்டாளிகள் பார்த்து வாசிக்க அடித்துத்தருகிறேன் வா என்று அவள் கடைக்கே கூட்டிவந்துவிட்டாள். பக்கத்தில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தாள். அவளுக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஈ அடிச்சான் காப்பிதான். அவன் கைபேசியில் எழுதிக் காட்டுகிற வரியை அடிப்பாள். அதற்கு மேல் ஒரு வரி இடம் விடுவாள். அவன் பென்சில் முனையால் திரையைத் தொடுவான். விரல் மாறுகிற சொல்லுக்கு நேர் மேலே அந்தக் கார்டின் எழுத்து வர வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அவள் எழுத்தைத் தள்ளிக்கொண்டு போவாள். ஒரு தட்டு கூடினால் தலையாட்டுவான். வேறு சுலபமான வழிகள் இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்தது ஸ்பேஸ் பார்தான்.

'இன்னும் கொஞ்சம் உட்கார், மழை விடட்டும்' என்று ஒரு வரி. அதில் 'விடட்டும்' மேல் ஈ மைனர் என்கிற கார்ட். அதைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினான். கடைசியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அக்கா மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

"மொட்டையா இருக்கு. என் தம்பி பாட்டுடி இது" என்றாள்.

ஃபான்ட்டை மாற்றினாள். கொடி மாதிரி வளைந்த அழகான எழுத்து. கெட்டிக் காகிதத்தில் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். தாடி என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளிதான் கிடார் வாசித்துக்கொண்டே பாடினான். காகிதத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி மற்றவர்களைப் பார்த்தான், பிறகு ஆரம்பித்தான். படியிறங்கும்போது படி முன்னாலேயே வந்துவிட்டால் கால் இடறுமே, கேட்கும்போது எனக்கு அப்படி இருந்தது. புதுப் பாணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மழை வரி வந்ததும் தம்பி கையைத் தூக்கினான்.

"தாளம் போடுறான் பாரு" என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கை தானாகக் கீழே இறங்கியது. முடிந்ததும் தாடியிடம் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"நல்லா இருந்துச்சாடா?" என்று அக்கா குனிந்து கேட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கைபேசியில் எழுதி எல்லாருக்கும் காட்டினான். ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை பாடட்டுமா என்று தாடி கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய பிறகு தாடி கடைக்கு வந்தான், தோளில் கிடார்ப் பையோடு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கார்ட்ஸ் எல்லாம் அவனே சொன்னதுதானா? அன்னிக்கே எங்களுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. உடம்பு முடியாதவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்."

அக்காவுக்கு மூக்குமேல் கோபம். "ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டினான்யா. மழை விடட்டும்னு வருதே, அந்த விடட்டும் மேலதான் ஈ மைனர். வா, காட்டறேன்" என்று ஃபைலைத் திறந்தாள்.

ஈ மைனர் 'கொஞ்சம்' மேல் நின்றுகொண்டிருந்தது.

அக்கா மவுஸை எடுத்தாள். பக்கம் முழுவதையும் பிடித்துப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றினாள். எழுத்துகளெல்லாம் நகர்ந்து அதனதன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. அழகான எழுத்தில் ஸ்பேஸ் ஒல்லி, தட்டி விட்ட இடமெல்லாம் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். தாடி திரையைப் பார்த்துக்கொண்டே காற்றில் விரல்களை மாற்றினான். பாதியில் அவன் வாய் கோணியது.

"எவ்வளவு நல்லா போட்டிருக்கான்க்கா" என்று பையின் ஜிப்பில் கை வைத்தான். "ஒரே ஒரு தடவை வாசிக்கிறேன்."

"வேணாம்பா."

"அவனுக்காக..."

"அவன் ஆசப்பட்டதே இத ஒரு தடவ கேக்கணும்னுதான்" என்றாள் அக்கா. அவள் குரல் கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது. "நீ மறுபடி பாடட்டுமான்னுகூடக் கேட்ட. இடம் மாறிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தா அப்பவே சரியாப் பாடியிருப்பீங்க. நான்தான் முந்திக்கிட்டு நல்லா இருந்துச்சாடான்னு கேட்டு அவன் வாய அடைச்சுட்டேன்."