வெள்ளிக்கிழமைக்கு நாற்பது வாசல்

ஜுனைதா நாவலடிக்கண்டத்தை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று, வரம்பில் கால் வழுக்கிச் சேற்றுக்குள் குந்திவிட்டாள். பெருநாளைக்குத் தைத்த அபாயா, இடுப்புவரை களி. அவளுடைய மாப்பிள்ளை ஸலாஹுதீனோடு காடு வெட்டுகிற ஆண்களெல்லாம் கத்தியும் மண்வெட்டியுமாகச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குக் கண் கலங்கிக்கொண்டு வந்தது.

அப்போது அடுப்படியிலிருந்து ஒரு பெண் எழும்பி, சோற்றுப் பானையை மூடிவிட்டு, வரம்பில் விறுவிறுவென்று வந்தார். கை கொடுக்கத்தான் வருகிறார் என்று ஜுனைதா கையை நீட்டினாள். கிட்ட வந்த பெண்ணுக்கும் கால் சறுக்கியது. இரண்டு காலும் மேலே போக, ஜுனைதாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தார். சேறு தெறித்து ஸலாஹுதீனின் தாடிவரை போனது.

"யா அல்லாஹ்! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சிரிங்களன்! சிரிக்காட்டி இண்டைக்கு ஒருத்தருக்கும் சோறில்ல!"

அவ்வளவுதான். கண்டம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜுனைதாவும் சிரித்தாள். அவர் அவளை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, தன்னுடைய மாற்றுப் புடவையைக் கொடுத்தார். தன் ஈரத்தோடேயே போய் அடுப்பிலிருந்து ஆணச் சட்டியை இறக்கினார்.

அவர்தான் சபியா உம்மா.

நாவலடிக்கண்டம் கடலோரத்து ஊரான பாலமுனையிலிருந்து மேற்கே, சாகாமம் குளம் இருக்கிற திசையில் கிடக்கிறது. கண்டம் என்றால் ஒரு வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடி வந்த பூமி. ஊரவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. நாணலும் முள்ளும் ஆள் உயரத்துக்கு நின்றன. தங்கள் வாப்பாமார் வெட்டிய காட்டைப் பிள்ளைகள் இரண்டாம் தரம் வெட்டத் தொடங்கினார்கள்.

சபியா உம்மாவின் வாப்பாவுடைய துண்டும் அதற்குள்தான் கிடந்தது. அவர் புருசனை இழந்தவர். ஒரே மகள் றஸ்னா கல்முனையில் குடும்பமாக இருந்தாள். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லாத ஆளில்லை. "வீட்டுல இரிந்து என்ன செய்ற? கூரையில கிடக்கிற ஓட்டை எண்ணவா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பானையும் ஒரு பாயும் தொழுகைப் புடவையும் எடுத்துக்கொண்டு காடு வெட்டுகிறவர்களோடு புறப்பட்டார். முதலில் சமைத்துக் கொடுக்கப் போனார். பிறகு நாவல் மரத்தடியில் தகரம் வேய்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். கண்டத்தில் முதல் வீடு அவருடையதுதான். ஆண்கள் கட்டியிருந்தவையெல்லாம் வாடிகள். நாலு கம்பு, ஒரு தறப்பாள், காவலுக்குப் படுக்க ஒரு பரண்.

மழைக்கால நெல் வைத்த முதல் பெரும்போகம் அழகாகத்தான் வந்தது. கெடுத்தது வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை பின்னேரம் ஆனால் மோட்டார்சைக்கிள்கள் வரிசையாகப் பாலமுனைக்குத் திரும்பும். ஜும்ஆத் தொழுகையை விடக்கூடாது, அது கடமை. போனவர்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஒரு நல்ல சோறு தின்று, சனி கழிந்துதான் வருவார்கள். காவலில்லாத வயலுக்கு யானை வரும். பக்கத்துக் கண்டத்தில் வயல் செய்கிற திருக்கோவில்காரர் அழகரெத்தினம் ஞாயிற்றுக்கிழமை வரம்பில் நின்று கையை விரிப்பார்.

"நான் தனிய எவ்வளவுக்கு வெடி கொளுத்துற உம்மா? உங்கட ஆக்கள் எப்ப போறாங்க எண்டு யானைக்கு நல்லாத் தெரியும். கலண்டர் பாத்துத்தான் வருது."

அந்தப் போகம் பாதி வேளாண்மை யானைக்குப் போனது. அடுத்த முறையும் இப்படியானால் காணியை விட்டுவிடுவோம் என்று ஐந்தாறு பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஐந்தாறு பேர் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். காடு மறுபடி மூடிவிடும்.

கண்டத்தில் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானையாக இருந்த பக்கீர் முகைதீன் ஒரு யோசனை சொன்னார். "ஜும்ஆவுக்கு நாம ஊருக்குப் போறதாலதானே இந்தக் கரைச்சல்? ஜும்ஆவை இங்க கொண்டு வருவம்."

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. நாவல் மரத்துக்கு வடக்கே ஒரு கொட்டில் போட்டு, பாய் விரித்து, ஐந்து நேரமும் தொழுதுகொண்டிருந்த இடம்தானே. பாலமுனையிலிருந்து ஒரு மௌலவியை அழைத்தார்கள். இளம் ஆள், மெதுவாகப் பேசுகிறவர்.

"நம்மட மத்ஹபுச் சட்டப்படி ஜும்ஆவுக்கு நாற்பது ஆம்பிளையள் வேணும்," என்றார் மௌலவி. "வயலுக்கு வந்து போற ஆக்கள் இல்ல. இந்த இடத்துலயே குடியிரிக்கிற ஆக்கள்."

"இரிக்கம் மௌலவி! சரியா நாற்பது பேர் இரிக்கம்!" பக்கீர் முகைதீன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டார். தொப்பி இல்லாதவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டார்கள்.

மௌலவி முதல் ஆளிடம் போனார். "நீங்க எவடம் காக்கா?"

"நான் பாலமுனை."

"நீங்க?"

"பாலமுனைதான், மௌலவி."

"நீங்க தம்பி?"

"அட்டாளைச்சேனை. ஆனா கலியாணம் முடிச்சது பாலமுனையில. இப்ப பாலமுனை."

இப்படியே வரிசை முடியும்வரை போனது. ஸலாஹுதீனும் பாலமுனை என்றான். கடைசியில் நின்ற வட்டவிதானையிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்க, எவடம்?" என்று கேட்டார் மௌலவி. பக்கீர் முகைதீன் நெஞ்சை நிமிர்த்தி, "நானா? பாலமுனை!" என்றார். சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம்முடைய பகுதியில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் போகிறார். வீடு பெண்ணுக்குக் கொடுக்கிற வீடு. ஆகவே ஒரு ஆணிடம் எவடம் என்று கேட்டால், பெண்சாதியின் வாசல் எங்கே இருக்கிறதோ அந்த ஊரைத்தான் வாய் தானாகச் சொல்லும். மாதக்கணக்காகச் சேற்றுக்குள் கிடந்தாலும் அது வாடியில் கிடந்ததுதான், குடியிருந்தது ஆகாது.

பெண்கள் பக்கத்துத் தடுப்புச் சீலைக்குப் பின்னாலிருந்து சபியா உம்மாவின் சிரிப்புக் கேட்டது.

"வட்டவிதானை! தலையை எண்ணி என்ன பிரயோசனம்? வாசலை எண்ணுங்க. இங்க இரிக்கிறது என்ட வாசல் ஒண்டு. அதுலயும் ஆம்பிளை இல்ல!"

வரம்பில் வேடிக்கை பார்த்து நின்ற அழகரெத்தினம், "தொப்பி ஒண்டு தந்தா நானும் வந்து நிப்பன் உம்மா, ஒராள் கூடுமே!" என்றார்.

"உங்களுக்கிட்ட எவடம் எண்டு கேட்டா?"

"திருக்கோவில்தான். பொஞ்சாதிட ஊரு. எங்களுக்கும் அதே கதைதானே!"

மௌலவிகூடச் சிரித்துவிட்டார். அன்று நடுப்பகல் லுஹரைத் தொழுதுவிட்டு, ஒரு பிடி சோறு தின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் சபியா உம்மா பாலமுனைக்குப் போனார். வீடு வீடாக ஏறினார். வாருங்கள் என்று ஒருத்தியையும் கேட்கவில்லை. "ஏன் வரல்ல?" என்று மட்டும் கேட்டார். பெண்கள் கொட்டித் தீர்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, அந்தக் கொட்டில் பள்ளிவாசலுக்குக் கூரை மாற்றிக்கொண்டு நின்ற ஆண்களுக்குக் கீழே நின்று சத்தம் போட்டார்.

"இறங்குங்க எல்லாரும்! கூரை மறுகா. முதல்ல கக்கூஸ் வெட்டுங்க!"

"என்ன ராத்தா, பள்ளி வேலையை விட்டுட்டா?"

"உங்களுக்கு ஒதுங்க நாணல் பத்தை காணும். வயசுக்கு வந்த பொம்புளப் புள்ளைக்குக் காணுமா? ஒரு கிணறும் வெட்டுங்க. வாய்க்கால் தண்ணியில ஆணம் ஆக்கி உங்கட உம்மாக்குக் குடுப்பீங்களா? ஆளுக்கொரு கதவும் போடுங்க, பூட்டுற கதவு. இவ்வளவுதான் அவங்க கேக்கிற."

வெட்கப்பட்டுக்கொண்டுதான் வெட்டினார்கள். ஆனால் வெட்டினார்கள். கிணற்றில் நல்ல தண்ணீர் கண்ட அன்று முதல் குடும்பம் வந்தது. வந்தவள் அடுத்த வீட்டுக்காரிக்குப் போன் எடுத்தாள், அவள் தன் மச்சிக்குச் சொன்னாள். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒவ்வொன்றாக அலுமாரியும் கட்டிலும் கோழிக்கூடும் ஏற்றிக்கொண்டு வந்தது. அல்லாஹ்வின் கிருபையால் சின்னப்போகம் கதிர் தள்ளுகிற நேரத்தில், சபியா உம்மாவுடையதைச் சேர்க்காமல், முப்பத்தொன்பது வாசல் ஆகியிருந்தது.

அதோடு நின்றுவிட்டது. நாற்பதாவதாக வரவேண்டிய வாசல் ஜுனைதாவுடையது.

வாப்பா ஆசையாகக் கட்டிக் கொடுத்த வீடு அவளுக்கு. ஓடினால் கடற்கரை. யானை என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "பொறுங்க, பாப்பம்" என்றுதான் ஒவ்வொரு கிழமையும் சொன்னாள். ஸலாஹுதீனைக் கண்டம் முழுக்கச் சேர்ந்து அரித்துவிட்டது. "உண்ட ஒரு வாசலாலதான்டா நாங்க எல்லாரும் வெள்ளிக்கிழமை ஓடுறம்," என்பார் பக்கீர் முகைதீன். அவன் பாவம், தலையைச் சொறிவான். வயலில் கதிர் பால்பிடித்து நின்றது. யானைகளும் காட்டோரத்தில் நின்றன.

ஒரு புதன்கிழமை சபியா உம்மா ஜுனைதாவின் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய நாவல்பழம். பிள்ளைகளோடு இருந்து நாக்கை ஊதாவாக்கிக் காட்டினார். சோறு தின்றார், அவளுடைய மீன் ஆணத்தைப் புகழ்ந்தார். கண்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. செருப்பைப் போடுகிற நேரத்தில் ஜுனைதாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உம்மா, நீங்க என்னைக் கூப்பிடத்தானே வந்த?"

"கூப்பிடவா? இல்லகா. உண்ட மாப்புள தானே ஆக்கித் தானே திங்கிற சோத்தைப் பாத்தன். இன்னும் உயிரோட இரிக்கான் எண்டு சொல்லிட்டுப் போவம் எண்டு வந்தன்."

ஜுனைதா சிரித்தாள். பிறகு, "எனக்குப் பயமா இரிக்கி உம்மா," என்றாள்.

"எனக்கும் பயம்தான் புள்ள. யானை பிளிறினா போர்வைக்குள்ள பூந்து யாஸீன் ஓதுவன். விடிஞ்சா கதிர் நிக்கும். அதைப் பாக்கக்குள்ள பயம் அயத்துப் போயிரும்." அவள் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் வியாழன். ஸலாஹுதீன் வழக்கம்போல வந்து குளித்துவிட்டுச் சோற்றுக்கு இருந்தான். ஜுனைதா கறியை அள்ளிக்கொண்டே சொன்னாள். "சபியா உம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க. மழை வாற மாதிரி இரிக்கி. அண்டைக்கு மாதிரி வரம்புல வழுக்கி விழுந்தாலும்."

ஸலாஹுதீனுக்குச் சோறு புரைக்கேறிவிட்டது. "ஆரு, அவவா? தலையில சோத்துப் பானை, இடுப்புல தண்ணிக்குடம், மழையில வரம்புல ஓட்டமா வருவா. அவ விழுந்து நாங்க கண்டது அந்த ஒருநாள்தான்."

ஜுனைதாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. அந்தச் சேறு, தான் கையை நீட்டியது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆண்கள், பக்கத்தில் வந்து விழுந்த அந்தப் பெண் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. இவ்வளவு காலமும் தனக்கு இது விளங்கவில்லையே என்று இருந்தது. யானை வந்தால் வரட்டும். பக்கத்தில் வந்து விழுகிற ஒரு ஆள் அங்கே இருக்கிறார்.

"நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் லேண்ட்மாஸ்டரைக் கொண்டு வாங்க," என்றாள்.

"என்னத்துக்கு?"

"அலுமாரி ஏத்த. தங்கச்சி இந்த வீட்டுல இரிப்பாள், கதைச்சிட்டன்."

அவள் தங்கச்சியிடம் இன்னும் கதைக்கவே இல்லை. அவன் சோற்றை முடிப்பதற்குள் கதைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மௌலவி மறுபடி வந்தார். கொட்டில் நிறைந்திருந்தது. இந்த முறை அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "நீங்க எவடம் காக்கா?"

"நாவலடிக்கண்டம்!"

"நாவலடிக்கண்டம்!" "நாவலடிக்கண்டம்!" ஒவ்வொருவரும் நபிகள் மேல் ஸலவாத்துச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்கள். ஸலாஹுதீனின் முறை வந்தது. பழக்கதோசம். "பால..." என்று தொடங்கிவிட்டான். தடுப்புச் சீலைக்குப் பின்னாலிருந்து ஜுனைதாவின் இருமல் ஒன்று கேட்டது.

"...நாவலடிக்கண்டம், மௌலவி!"

பள்ளிக்குள் சிரிக்கக்கூடாது என்று அன்று ஒருவருக்கும் நினைவில்லை. பிறகு பாங்கு சொன்னார்கள். அந்தக் காட்டில் முதல் ஜும்ஆவின் பாங்கு. பக்கீர் முகைதீன் தேம்பித் தேம்பி அழுதார். தொழுகை முடியும்வரை கண்டத்துக்கு அழகரெத்தினம்தான் காவல். முடிந்ததும் ஒரு முட்டி எருமைத் தயிரோடு வந்து, "யானை கலண்டரைக் கிழிச்செறிஞ்சிட்டுது உம்மா!" என்றார். அன்று எல்லாருக்கும் சேர்த்துச் சபியா உம்மா ஆக்கிய சோற்றில் அவருக்கும் ஒரு தட்டு. அந்தப் போகத்தில் யானை தின்றது இரண்டு வரவை வயலின் ஓரம் மட்டும்தான்.

அதன்பிறகு ஊர் தானாக வளர்ந்தது. ஒரு கடை, கிறவல் றோட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், காலையில் ஒரு பஸ். ஜுனைதாவின் மூன்றாவது பிள்ளை அங்கேயே பிறந்தது. எவடம் என்று கேட்டால் அது யோசிக்காமல் சொல்லும். அந்த விழுகையைப் பற்றி மட்டும் ஜுனைதா ஒருநாளும் சபியா உம்மாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முழங்கால் மிகவும் நோகத் தொடங்கியபோது றஸ்னா வந்து உம்மாவைக் கல்முனைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு மாதத்தில், ஒரு அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின், தொழுத இடத்திலேயே சபியா உம்மா வபாத்தானார். இன்னாலில்லாஹி. கண்டத்திலிருந்து அடக்கத்துக்கு வந்தவர்களால் அந்தத் தெருவே நிறைந்தது.

கண்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்று, கடைசிப் பிரிவு என்று யாருக்கும் தெரியாது. கிறவல் றோட்டில் ஓட்டோ காத்து நின்றது. சபியா உம்மா வரம்பால்தான் நடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதல்நாள் மழை. ஜுனைதா அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். அவள் விழுந்த அந்த இடம் வந்தது.

"மெல்ல உம்மா, இவடம் வழுக்கும்."

சபியா உம்மா நின்றார். சேற்றைப் பார்த்தார், ஜுனைதாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"வழுக்கினா வழுக்கட்டும் மகள். நான் விழுந்தா நீயும் பக்கத்துல விழுவாய்தானே. எனக்குத் தெரியும்."